சிவப்பு மையில் எண்பத்தாறு

ஸ்ரீகலா அக்காவின் எடை எண்பத்தாறு கிலோ என்று ஒரு வெள்ளைப் பலகையில் சிவப்பு மையால் எழுதி, நாங்கள் முப்பத்தொரு பேரும் பார்க்கும்படி மாட்டி வைத்தார்கள். எழுதியது நான். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டார்கள், மாட்டேன் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உள்ள ஆட்களின் வரிசையில் நானும் உண்டு.

நெய்யாற்றின்கரையில் ஒரு மூன்று மாடி ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். நான் தரைத்தளத்தில் குழந்தைகள் துணி விற்கிறேன், அக்கா இரண்டாம் மாடியில் கல்யாணப் பட்டு. நான் சேர்ந்து ஏழு வருடம், இது நடந்தபோது அவள் பத்தொன்பது வருடம் முடித்திருந்தாள். செங்கல் என்ற ஊரில் வீடு. கணவர் சிவபிரசாத் அண்ணன் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமஸ்தா. ஒரே மகள் ஆர்ச்சா, தனுவச்சபுரத்தில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். சைவக் குடும்பம், வீட்டில் மீனும் முட்டையும் ஏறாது.

மார்த்தாண்டத்திலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் கல்யாண வீட்டார் வேன் பிடித்து வருவார்கள். படியேறும்போதே "ஸ்ரீகலா உண்டா?" என்று கேட்பார்கள். பெண்ணின் அம்மாவிடம் தமிழிலும் மாப்பிள்ளை வீட்டாரிடம் மலையாளத்திலும் ஒரே மூச்சில் பேசி, இரண்டு பக்கமும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைக்கும்படி சேலையை எடுக்க வைப்பாள். குறிப்பாகத் தடித்த பெண்கள் அவளைத் தேடி வருவார்கள். மற்ற இடங்களில் கண்ணாடிக்கு முன்னால் கூனிக் குறுகி நின்ற பெண்கள் அவள் முன்னால் நிமிர்ந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். "கொசுவத்தை ஒரு விரல் அகலம் கூட்டி வை மக்கா. உனக்க உயரத்துக்கு அது ராணி மாதிரி நிக்கும்" என்பாள். பொய் சொல்லமாட்டாள். நிற்கும்.

அவள் உடம்பு எப்படி வைத்தது என்று கேட்டால், எங்கள் கடையே வைத்தது என்றுதான் சொல்வேன். காலை ஐந்தரைக்கு எழுந்து மூன்று பேருக்குச் சமைத்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறுவாள். ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு எட்டு மணி வரைக்கும் நிற்பு. மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், அதுவும் முறை வைத்து. கல்யாணப் பட்டின் முறை மூன்று மணிக்கு வரும், நாலு மணிக்கு வரும், முகூர்த்த மாதத்தில் வரவே வராது. பசிக்குப் பதிலாக டீ வரும். ஆறு கிளாஸ், ஏழு கிளாஸ். கூடவே சில நாள் வாழைக்காயப்பம். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனால் ஒரு நாள் முழுக்க சேர்ந்த பசி ஒரே தட்டில் உட்காரும். சம்பா அரிசிச் சோறு, புளிசேரி, மரச்சீனிக் கிழங்கு, பப்படம். பத்தரைக்குப் படுக்கை. இப்படிப் பத்தொன்பது வருடம். கடையில் பெண்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்த பிறகு மாடிக்கு நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். வந்த வாரமே அவற்றின்மேல் அட்டைப்பெட்டி ஏறியது.

முதலாளியின் மகன் ஜித்தின் பெங்களூரில் படித்துவிட்டு வந்து கடையைப் பார்க்கத் தொடங்கியபோது இருபத்தொன்பது வயது. கெட்டவர் என்று சொல்லமுடியாது. எல்லோரையும் சிரித்த முகத்தோடு "சேச்சி" என்றுதான் கூப்பிடுவார். ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஷட்டர் திறப்பதற்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தி, 'நூறு நாள் சவால்' என்று ஒன்றை அறிவித்தார். வாராவாரம் எடை பார்ப்பது. குறைந்தால் பச்சை மை, குறையாவிட்டால் சிவப்பு. எண்பது கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் நூறு நாளில் பதினைந்து கிலோ குறைக்கவேண்டும். முதல் பரிசு ஜூஸ் பிழியும் மெஷின். ஆண்களுக்கும் இது உண்டு என்றார். ஆனால் ஆண்களின் எடையைத் தாளில் எழுதி மேஜைக்குள் வைத்துக்கொண்டார். பலகைக்கு வந்தது எங்கள் எடை மட்டும்.

அக்கா ஏறி நின்றாள். ஜித்தின் குனிந்து பார்த்து உரக்கச் சொன்னார். "எண்பத்தாறு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் எழுதினேன். முதல் வாரம் என்பதால் எண்பதுக்கு மேல் எல்லாம் சிவப்பு.

"சேச்சி வருத்தப்படவேண்டா. இது சேச்சிக்க ஆரோக்கியத்துக்காக்கும்" என்றார் ஜித்தின். "கல்யாணப் பட்டு விக்கிற இடத்தில கொஞ்சம் ஸ்மார்ட்டா நிக்கணும் அல்லா? அது முடியாதுன்னா குடோனில வேற வேலை பாக்கலாம்."

"செரி சார்" என்றாள் அக்கா.

அன்று இரவு பஸ் அமரவிளை தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "எனக்க எடை எனக்குத் தெரியாதா ஷீஜே?" என்றாள். "பத்தொன்பது வருஷமா அதைத் தூக்கிட்டு நிக்கது இந்தக் காலாக்கும். அவன் வந்து எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணுமா?"

"விடுங்கக்கா. பலகையைப் பாக்காதீங்க."

"விடவா? பத்தொன்பது வருஷம் பட்டு வித்தவ குடோனில போய் ஸ்டிக்கர் ஒட்டணுமா? குறைச்சுக் காட்டுறேன். உன் போனில கலோரி எண்ணுற ஒண்ணு உண்டுன்னு சொன்னியே, அதை எனக்கும் போட்டுத் தா."

உதியன்குளங்கரையில் அவள் இறங்குவதற்குள் நான் அதை அவள் போனில் போட்டுக் கொடுத்துவிட்டேன். வயது, உயரம், எடை, எத்தனை நாளில் எவ்வளவு என்று எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி என்று அது சொன்னது. ஒரு வாரம் கழித்து அவளாகவே அதைத் தொள்ளாயிரம் ஆக்கினாள். பிறகு எண்ணூறு.

முதல் இரண்டு வாரம் அந்த எண்ணிக்கை நல்லதுதான் செய்தது. அதை மறைக்கமாட்டேன். தான் குடிக்கிற டீயை எழுதிப் பார்த்து அதிர்ந்துபோனாள். ஏழு கிளாஸ், கிளாஸுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. "பாலைச் சேத்தா இது ஒரு வேளைச் சோறாக்கும் பிள்ளே! நான் தின்னாத சோறு!" என்றாள். அன்றோடு சர்க்கரையை நிறுத்தினாள், டீயை இரண்டாகக் குறைத்தாள். இரவுத் தட்டில் சோறும் கிழங்கும் சேர்ந்து ஏறுவது எத்தனை என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டாள். அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் போனுக்கு எங்கள் அடுக்களை தெரியாது. புட்டு என்று போட்டால் மூன்று புட்டு வரும். ஒன்று நூற்றைம்பது, ஒன்று இருநூற்றிருபது, ஒன்று முந்நூற்று நாற்பது. "இதில நம்ம புட்டு எது?" என்று கேட்டாள். "நடுவில உள்ளதை எடுங்கக்கா" என்றேன். பயத்தில் அவள் எப்போதும் பெரியதையே எடுத்தாள். அவியலுக்கு அது சொன்ன எண் எந்த ஊர் அவியலுக்கு என்று தெய்வத்துக்குத்தான் தெரியும். ஆன்லைனில் ஒரு சின்னத் தராசு வாங்கினாள். துருவிய தேங்காயைப் பத்து கிராம் நிறுத்தாள். சிவபிரசாத் அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தின்னணும்னா தின்னு, வேண்டாம்னா விடு. பப்படத்தை நிறுத்துப் பாக்கிறவளை நான் இப்பத்தான் காணுதேன்" என்றாராம். கிண்டலோடு சரி. மனைவி ஏன் நிறுக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமைகள் வந்தன. பச்சை மை வந்தது. எண்பத்திரண்டு, எண்பது, எழுபத்தெட்டு. நான் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். எல்லோரும் கைதட்டினோம். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். எடை பார்ப்பதற்கு முன்னால் வளையல், கொண்டை ஊசி, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் வைப்பாள். தாலியைக் கழற்றிவிட்டு ஒரு மெஷின் மேல் ஏறி நிற்கிற சைவக் குடும்பத்துப் பெண்ணைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

ஜித்தின் அவளிடம் கேட்காமலேயே பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டார். நானூறு பேர் விரும்பினார்கள். ஆர்ச்சாவின் வகுப்புப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

அதற்குள் அக்காவின் தலைமுடி சீப்பில் கொத்தாக வரத் தொடங்கியிருந்தது. மார்ச் வெயிலில் கை சில்லென்று இருந்தது. பஸ்சில் தூங்கிவிழுவாள், எழுப்பினால் எரிந்து விழுவாள். ஒருநாள் கோயிலில் கொடுத்த பாயசத்தில் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, வீட்டுப் படிக்கட்டில் நாற்பது முறை ஏறி இறங்கியதாகச் சொன்னாள். சொல்லும்போது பெருமைப்பட்டாள். நான் "கொள்ளாமே அக்கா" என்றேன், நன்றாயிருக்கிறதே என்று. அந்த வார்த்தையை இப்போதும் மெல்லுகிறேன், விழுங்க முடியவில்லை.

அறுபத்தாறாம் நாள், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீடு. பெண்ணின் தோளில் மாம்பழ நிறப் பட்டைப் போட்டுக்கொண்டிருந்தவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தாள். வலி முதுகுக்கும் தோளுக்கும் ஏறியது. வாந்தி எடுத்தாள், சேலையில் படாமல் தன் முந்தானையில் பிடித்தாள். பிறகு தரையில் சாய்ந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடி ஏறியபோது ஜித்தின் அங்கே நின்று, "கஸ்டமர் உண்டு, முதலில் சேச்சியைப் பின்பக்கம் கொண்டுபோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணப் பெண்தான் மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டு, "ஒரு ஆட்டோ விளிக்க ஆளில்லையா இஞ்ச?" என்று கத்தினாள்.

ஆட்டோவில் அவளைக் கொண்டுபோனது நானும் பில் கவுண்டர் மரகதவல்லி அக்காவும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். ஒன்று வழியில் அடைத்து, பை வீங்கியிருந்தது.

டாக்டர் முதலில் கேட்டது, "சமீபத்தில எடை ரொம்ப வேகமா குறைஞ்சுதா?" என்று. ஒன்பது வாரத்தில் பன்னிரண்டு கிலோ என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பட்டினி கிடந்து வேகமாக எடை குறைக்கும்போது பித்தப்பை ஒழுங்காகச் சுருங்காமல் பித்தம் தேங்கி, கல் பிடிக்க வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். தடித்த பெண்களுக்கு ஏற்கெனவே அந்த வாய்ப்பு உண்டு, இது அதைத் தள்ளிவிட்டிருக்கும் என்றார். "யார் சொல்லி இப்படிச் சாப்பிட்டாங்க? எந்த டாக்டர்?"

ஜவுளிக்கடைக்காரர் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வயிற்றில் நாலு துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் அங்கே உணவு ஆலோசனை சொல்கிற ரெஜிலா என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். அக்கா அவளைக் கண்டதும் போனை எடுத்து, தன் எண்களை நீட்டினாள், பரீட்சைத் தாளை நீட்டுவதுபோல. ரெஜிலா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நூறு நாள்னு வச்சீங்க. நூற்றியோராம் நாள் என்ன தின்னலாம்னு இருந்தீங்க?"

அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அதை நான் யோசிக்கல்ல மோளே."

"அதாக்கும் காரியம். வாழ்நாள் முழுக்கத் தின்னமுடியாத சாப்பாடு எடையைக் குறைக்கும், குறைச்சு வைக்காது. நாளைக்கு நீங்க பசிச்சுத் தின்னுவீங்க, எல்லாம் திரும்ப ஏறும், உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லைன்னு நாலு பேர் சொல்லுவாங்க."

"அப்ப எண்ணுறது தப்பா?"

"தப்பு இல்ல. ரெண்டு வாரம் எண்ணிப் பாத்தா எங்க கூடுதலா போவுதுன்னு தெரியும். உங்களுக்கு டீயும் ராத்திரித் தட்டும் தெரிஞ்சுது. அம்புட்டும் மதி, போதும். சிலபேருக்கு எண்ணிக்கிட்டே இருக்கது உதவும். உங்களுக்கு அது சாட்டையாப் போச்சு. போனுக்க எண் எல்லாம் உத்தேசம், நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும். அதை வச்சு உங்களையே அடிக்காதீங்க."

பிறகு அவள் சொன்னவை சாதாரணமான விஷயங்கள். மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோ இறங்கினால் தாராளம். காலையில் சாப்பிடவேண்டும். மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடவேண்டும், சோறு ஒரு பங்கு என்றால் பயறும் கடலையும் காய்கறியும் இரண்டு பங்கு, மோர். இரவில் சோறோ கிழங்கோ ஒன்று மட்டும், எட்டு மணிக்கு முன்னால். நடை. தூக்கம்.

அக்கா சிரித்தாள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மதியம் ஒரு மணிக்கா? உட்காந்தா? மோளே, எனக்க முதலாளிக்கு ஒரு சீட்டு எழுதித் தா."

ஐந்தாம் நாள் நான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சிவபிரசாத் அண்ணன் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். அடுக்களையில் தராசின் மேல் ஓர் இட்லி. ஆர்ச்சா அதைப் பார்த்து எதையோ போனில் பதிந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் இட்லியை எடுத்துத் தட்டில் போட்டாள். அதில் கால்பாகத்தைப் பிய்த்து ஒதுக்கி வைத்திருந்தாள்.

"என்ன மக்கா இது?" என்றாள் அக்கா.

"முப்பத்தொன்பது கிராம். முழுசாத் தின்னா கணக்கு கூடும்."

"நேத்து என்ன தின்னே?"

ஆர்ச்சா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாற்பத்தேழு கிலோ இருந்த பிள்ளை. கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. எங்கள் எல்லோர் கண்ணும் அக்காவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில், இந்தப் பிள்ளையின் தட்டை யாரும் பார்க்கவில்லை.

"இனி நீ இதை நிறுக்கக்கூடாது, கேட்டியா?" என்று அக்கா குரலை உயர்த்தினாள்.

அந்தப் பிள்ளை தலையைத் தூக்கிக் கேட்டது. "அம்மா செஞ்சா எல்லாரும் கைதட்டுவாங்க, நான் செஞ்சா தப்பா?"

சிவபிரசாத் அண்ணன் வெளியே போய்விட்டார். அக்கா அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அவள் அழுததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. அது துக்கம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்க பித்தப்பை போச்சு, போட்டும். எனக்க மவளுக்க பசியை எடுத்துட்டுப் போயிட்டானுவளே ஷீஜே. நானும் கூட நின்னு எடுத்துக் குடுத்திருக்கேனே."

ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். அதற்குள் ஐந்து கிலோ திரும்ப ஏறியிருந்தது, ரெஜிலா சொன்னதுபோலவே. கடையில் சவாலின் இரண்டாம் சுற்று ஆரம்பித்திருந்தது. முதல் சுற்றின் ஜூஸ் மெஷினை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள், அவள் அதைப் பெட்டியோடு அலமாரி மேல் வைத்திருப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமை வரிசை. அக்காவின் முறை வந்தது. நான் பேனாவோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"வாங்க சேச்சி" என்றார் ஜித்தின். "உடம்பு எப்படி உண்டு?"

"நான் ஏறமாட்டேன்."

"ஒரு நிமிஷக் காரியமாக்கும், சேச்சி."

"ஏறமாட்டேன்னு சொன்னேன். எனக்க எடை எனக்கும் எனக்க டாக்டருக்கும் உள்ளது. உங்க சுவருக்கு உள்ளதில்ல."

ஜித்தினின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "இது எல்லாருக்கும் ஆரோக்கியத்துக்கு..."

"ஆரோக்கியமா? செரி, எழுதுவோம். ஷீஜே, அந்தப் பலகையில எழுது. ஒரு நாளைக்கு நிக்கது பத்தரை மணிக்கூறு. சோறு தின்ன இருபது நிமிஷம், அதும் சாயங்காலம் நாலு மணிக்கு. மாடியில ஸ்டூலு நாலு, அதில இருக்கது அட்டைப்பெட்டி. மூத்திரம் போவ ரெண்டு மாடி இறங்கணும், அதனால தண்ணி குடிக்கமாட்டோம். எழுதினியா? இதில எதைக் குறைக்கப்போறீங்க சார்? இதைக் குறைங்க. பிறகு நான் ஏறி நிக்கேன்."

அந்த நேரத்தில் நான் ஏதாவது பெரிய காரியம் செய்தேன் என்று சொல்ல ஆசை. செய்யவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தேன், அவ்வளவுதான். "எனக்கும் ஏற மனசில்லை சார்" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு மரகதவல்லி அக்கா வரிசையை விட்டு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்பது பேர். மற்றவர்கள் ஏறினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், எல்லோருக்கும் வீடு உண்டு.

அன்று மதியமே அக்காவைக் குடோனுக்கு அனுப்பினார்கள். விலை ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. பத்தொன்பது வருடம் பட்டு விரித்த கையில் ஸ்டிக்கர் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

அங்கே நடந்தது யாரும் எதிர்பாராதது. குடோனில் கஸ்டமர் கிடையாது, பெஞ்ச் உண்டு, ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒரு மணிக்கு மணியடித்ததுபோல அவள் டப்பாவைத் திறந்தாள். பயறு, கீரை, கொஞ்சம் சோறு, ஒரு போத்தல் மோர். உட்கார்ந்து மென்று சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். இரவில் பசி பாய்ந்து வரவில்லை. எட்டு மணிக்குக் கஞ்சியும் பயறும் போதுமாயிருந்தது. போனில் எண்ணுவதை விட்டுவிட்டாள், தராசை அடுத்த வீட்டு அம்மிணிக்கு அப்பளம் நிறுக்கக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வயல் வரப்பில் ஒரு மணி நேரம் நடந்தாள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் மட்டும் எடை பார்த்தாள். சில மாதம் ஒன்றரை கிலோ குறைந்தது, சில மாதம் ஒன்றுமே இல்லை, ஒரு மாதம் அரைக் கிலோ கூடியது. கூடியபோது பட்டினி கிடக்கவில்லை.

நாலு மாதத்தில் நாலு கிலோ. நான் சந்தோஷமாக, "பாத்தீங்களா அக்கா, நல்ல காரியம் நடந்துபோச்சு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பாதி எரிந்துபோனேன்.

"நல்ல காரியமா? நேரத்துக்குச் சோறு தின்னணும்னா நான் தண்டனை வாங்கணும், அப்படியா? மேல நிக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை எப்பக் கிடைக்கும்?"

சிங்க மாதம் வந்தது, தமிழில் ஆவணி. ஓணமும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தன. மார்த்தாண்டம் வேன்கள் வந்து "ஸ்ரீகலா உண்டா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. இரண்டாவது வாரம் பெரிய முதலாளியே குடோனுக்கு இறங்கிவந்தார். மேலே வரச் சொன்னார். ஒரு மணிக்கு அரை மணி நேரச் சாப்பாடு, எல்லாத் தளத்துக்கும், ஸ்டூலில் பெட்டி இருக்கக்கூடாது என்றாள் அக்கா. அவர் மகனைப் பார்த்தார். மகன் செருப்பைப் பார்த்தார். சரி என்றார்கள். பலகை எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை, இன்றுவரை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அக்கா இப்போது எழுபத்துநாலு கிலோ, எட்டு மாதமாக அங்கேயே நிற்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை, முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது. இன்னும் தடித்த பெண்தான். சில கஸ்டமர்கள் உரிமையோடு, "இன்னும் கொஞ்சம் குறைச்சா நல்லாருக்குமே" என்பார்கள். "உங்களுக்கு எத்தனை மீட்டர் வேணும்னு சொல்லுங்க, எனக்க அளவு வேண்டாம்" என்று மலையாளத்திலேயே சொல்லி வாயை அடைப்பாள். கோபம் போகவில்லை. போகவேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்தக் கோபத்தால்தான் நாங்கள் பதினெட்டுப் பெண்கள் ஒரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஆர்ச்சாவுக்கு ஒரு வருடம் திருவனந்தபுரத்தில் கவுன்சலிங் நடந்தது. பஸ் பிடித்து அவளைக் கூட்டிப்போனது சிவபிரசாத் அண்ணன், ஒரு வாரம்கூட விடாமல். இப்போது கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். போன மாதம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். அக்கா சுட்ட தோசையை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஆர்ச்சா தன் தோசையின் ஓரத்தைச் சின்னதாகப் பிய்த்துத் தட்டின் விளிம்புக்குத் தள்ளினாள். தள்ளிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து வாயில் போட்டு மென்றாள், மருந்து மெல்வதுபோல.

அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கரண்டியைப் பிடித்திருந்த கை இறுகி வெளுத்திருந்தது.